இ-ஆன்டிஜன் நெகட்டிவ் என்றால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மஞ்சள் காமாலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறித்து இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஆனால் ஒரு வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் விடும் இ-ஆன்டிஜன் என்ற புரதம் பரிசோதனையில் நெகட்டிவ் ஆகிவிட்டால் வைரஸ் அடங்கிவிட்டதாகவும், இனிக் கவலை வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

கோத்தகிரியில் 24 வருடம் லேப் டெக்னீசியனாக வேலை பார்த்தவன் நான். இதையே நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பார்த்தவர், எங்கள் தெருக்காரர். ஷிப்ட் முடிந்து, சட்டையெல்லாம் தூள் வாசனையோடு ரிப்போர்ட் வாங்க வந்தார். "அண்ணா, இதுல என்ன போட்டிருக்கு?" என்றார். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது உடலில் வைரஸ் இருக்கிறது; ஹெச்பிஇஏஜி, அதாவது அந்த இ-ஆன்டிஜன், நெகட்டிவ். இரண்டாவது வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டி, "வீரியம் இல்லப்பா, பயப்படாதே" என்றேன். டாக்டரும் அதையே சொல்லி அனுப்பினார்.

மூன்று வருடம் கழித்து அவருக்குக் கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. முதல் வாரம் கீழாநெல்லிச் சாறும் பத்தியமுமாகப் போயிற்று. பிறகு மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தபோது வைரல் லோடு, அதாவது ரத்தத்திலுள்ள வைரஸின் அளவு, லட்சக்கணக்கில் இருந்தது. 11ஆம் நாள் அவரை ஆம்புலன்ஸில் உடலாகத்தான் மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இந்த வைரஸின் மரபணு மிகச் சிறியது, சுமார் 3,200 எழுத்துகள்தான். அதை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஒரே ஆளின் ரத்தத்துக்குள்ளேயே சிறிது சிறிது மாறிய வைரஸ்கள் கூட்டமாக இருக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாக இப்படி மாறி மாறி, ஏ முதல் ஜே வரை 10 வகைகளாகப் பிரிந்திருக்கிறது. இந்தியாவில் அதிகம் இருப்பது டி வகை.

மரபணுவின் 1896ஆவது இடத்தில் ஜி என்ற எழுத்து போய் ஏ என்ற எழுத்து வந்துவிட்டால், இ-ஆன்டிஜன் உருவாவது நின்றுபோகும். வைரஸ் பெருகுவது நிற்காது. நாம் தேடுகிற அடையாளம்தான் காணாமல் போகிறது. ஏ வகை வைரஸில் இந்த மாற்றம் அரிது, ஏனென்றால் அதனோடு ஜோடி சேரும் 1858ஆவது எழுத்து பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது. டி வகைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே நம் நாட்டில் 'நெகட்டிவ்' என்ற சொல்லைக் கூடுதல் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

2009இல் குஜராத்தின் மோடாசாவில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போட்டதால் இந்த நோய் பரவிப் பல உயிர்கள் போயின. அந்த வைரஸை ஆராய்ந்தபோது இதே பகுதியில் ஏற்பட்ட மாற்றங்களுக்கும் மரணங்களுக்கும் தொடர்பு தெரிந்தது. மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் முற்றிவிடும் என்று சொல்லவில்லை. கல்லீரலை அழிப்பதில் நம் உடலின் எதிர்ப்புச் சக்திக்கே பெரிய பங்கு உண்டு. ஆனால் யாருக்கு முற்றும் என்பதை ஹெச்பிஇஏஜி என்ற ஒற்றை வரியை வைத்துச் சொல்ல முடியாது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடியும் வைரல் லோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் எஸ்டேட்டில் இலை பறிக்கிறவருக்குக் கோவை போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவையும் அங்கேயே கொடுத்தால் எத்தனையோ பேர் தவறாமல் வருவார்கள்.

அவருடைய மகனுக்கும் மகளுக்கும் சென்ற மாதம் பரிசோதனை செய்ய வைத்தேன். இருவருக்கும் ஹெச்பிஎஸ்ஏஜி இல்லை. தடுப்பூசி முதல் டோஸ் போட்டாயிற்று, அடுத்த டோஸுக்கு நானே கூட்டிப்போகிறேன்.

உங்கள் இதழைப் பார்த்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்துப் படித்து நிம்மதியடைந்தவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக, அந்த வரியை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.