கருவேலம் போன இடத்தில் புல் வளரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீமைக் கருவேல மரங்களை அகற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் கடைசி வரியில், ‘அகற்றிய இடத்தில் மரக்கன்றுகள் நடப்படும்’ என்று இருக்கிறது. கண்மாய்க் கரையில் நடுவதென்றால் சரி. மேய்ச்சல் புறம்போக்கில் மட்டும் தயவுசெய்து நட வேண்டாம். அந்த நிலத்துக்கு வேண்டியது புல்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் செம்மறி வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை, கூடவே கொஞ்சம் கொடி ஆடு என்ற வெள்ளாட்டு இனம். வெள்ளாடு தழையைக் கடித்துப் பிழைத்துக்கொள்ளும். செம்மறிக்குப் புல்தான் சோறு. ஐப்பசி மழை இறங்கியதும் எங்கள் பக்கத்துத் தரையில் முளைக்கிற கொழுக்கட்டைப் புல்லையும் அருகையும் நம்பித்தான் இந்த ஆடுகளே இங்கே உருவாயின. அந்தத் தரையைக் கருவேலம் மூடிவிட்டது. அதன் இலையை ஆடு தொடாது. நெற்றை மட்டும் ஆசையாகத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து அடுத்த நிலத்தில் முளைக்கும். ஆக, அது பரவியதில் எங்கள் மந்தைகளுக்கும் பங்கு உண்டு. வெட்டினால் தூரிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் தழைக்கிறது. வேரோடு பிடுங்கினால்தான் போகும்.

புல் தரை என்றாலே வெறும் தரிசு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே நடு மாநிலங்களில் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்த பிரெய்ரி சமவெளிகளை உழுது மக்காச்சோளமும் சோயாவும் போட்டார்கள். இன்று அந்த உயரப் புல்வெளியில் 4 சதவீதம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி கான்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் உள்ள ஃபிளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதியில் இருக்கிறது. அங்கே மண் மெலிசு, அடியில் சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும். ஏர் இறங்காததால் புல் பிழைத்தது. 1996இல் அதில் ஒரு பகுதியைத் தேசியக் காப்பகமாகவே ஆக்கினார்கள். அந்தப் புல்லின் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகிறது. மண்ணைப் பிடித்து வைப்பதும், மழைநீரை உள்ளே இறக்குவதும், கார்பனை மண்ணில் புதைத்து வைப்பதும் அந்த வேர்தான்.

அந்தப் புல்வெளியைக் காப்பவர்கள் இன்று எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் தெரியுமா? மரத்தோடு! ஈஸ்டர்ன் ரெட் சீடர் என்ற மரம், அந்த நாட்டு மரமேதான், புல்வெளிக்குள் நுழைந்து மூடுகிறது. மாட்டுப் பண்ணைக்காரர்களே வெட்டியும் எரித்தும் அதைத் தடுக்கிறார்கள். மரம் வந்தால் பிரெய்ரிக் கோழி அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. தரையில் கூடு கட்டும் நம் வானம்பாடிக்கும் திறந்த வெளிதான் வேண்டும்.

நான் மரத்துக்கு விரோதி இல்லை. இருக்கவும் முடியாது. எங்கள் ஊர்க் கோயில் பாடற்குழுவில் சிறு வயதிலிருந்து அக்கூஸ்டிக் கிதார் வாசிக்கிறேன். உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துப் போகும், ஆனாலும் விட மனசு வராது. மின்சாரம் இல்லாமல், மரப்பலகை மட்டும் அதிர்ந்து இவ்வளவு ஒலி தருகிறதே என்ற ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை. நல்ல கிதாரின் முதுகும் பக்கப் பலகையும் பல காலம் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தில் செய்யப்பட்டன. அது அரிதாகிப் போக, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. பிரேசில் ஈட்டியின் சர்வதேச வணிகம் 1992இல் தடை செய்யப்பட்டது. 2017இல் ஈட்டி இனம் முழுவதுக்குமே ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள். ஒரு மரத்துக்காக உலக நாடுகள் கூடி இத்தனை பேசியதை நான் மதிக்கிறேன். நம் இந்திய ஈட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம், அங்கே அது செழிக்க வேண்டும். எங்கள் கடற்கரை வெளியில் அதே அக்கறை கொழுக்கட்டைப் புல்லுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, புல்லை வளர்த்தால் ஆடு ஒரே மாதத்தில் மொட்டையடித்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு என்று சொல்கிற மேய்ச்சல் நிலங்களில் இதற்குப் பழைய விடை இருக்கிறது. கிளுவை வேலியால் நிலத்தைப் பிரித்து, ஒரு காடு மேயும்போது இன்னொன்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். ஆனால் அது பட்டா நிலம். பொதுப் புறம்போக்கில் யார் வேலி போடுவது?

இங்கேதான் புதுத் தொழில்நுட்பம் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். நார்வே நாட்டில் நோஃபென்ஸ் என்ற நிறுவனம் வேலியே இல்லாமல் ஆட்டை எல்லைக்குள் நிறுத்தும் கழுத்துப் பட்டை செய்கிறது. செல்போன் வரைபடத்தில் எல்லையைக் கோடு போட்டால் போதும். ஆடு கோட்டை நெருங்கும்போது பட்டையிலிருந்து ஒலி வரும், நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போகும். அப்போதும் திரும்பாவிட்டால்தான் லேசான மின் அதிர்ச்சி. கொஞ்ச நாளில் ஆடு ஒலியைக் கேட்டே திரும்பப் பழகிவிடுகிறது. கிதார் வாசிக்கிறவளுக்கு இதில் வியப்பே இல்லை. ஆட்டுக்கு எவ்வளவு கூர்மையான காது என்பது மந்தை மேய்க்கும் கீதாரிகள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் குரல் கொடுக்கிற விதத்தை வைத்தே கிடைக்குத் திரும்ப வேண்டுமா, தண்ணிக்குப் போக வேண்டுமா என்று மந்தை புரிந்துகொள்ளும்.

இந்தப் பட்டை இருந்தால் புறம்போக்கை மூன்று நான்கு துண்டாகப் பிரித்துப் புல்லுக்கு ஓய்வு கொடுக்கலாம். கருவேலம் நெற்று உதிர்க்கும் காலத்தில் மந்தையைத் தோப்புக்கு வெளியே நிறுத்தலாம், விதை பரவாது. ஆடு திருடு போனால் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. விலைதான் தடை. ஒரு பட்டை வாங்குகிற காசுக்கு ஒரு கிடாயே வாங்கிவிடலாம். தனி ஆள் வாங்க முடியாது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரே ஒரு மந்தையில், ஒரே ஒரு ஊர்ப் புறம்போக்கில் சோதனை செய்து பார்க்கலாமே. 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. சபையே அறிவித்திருக்கிறது. இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிடுங்கிய கருவேலம் எல்லாம் கரிமூட்டத்துக்கே போகிறது. அதை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் பிழைப்பில் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் இதன் உறவு மரமான மெஸ்கீட்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் கிதார் செய்கிறார்கள். ஈட்டி போலக் கனமான, உறுதியான மரம் அது, காய்ந்தால் அதிகம் சுருங்காது. நம் சீமைக் கருவேலம் பெரும்பாலும் கோணலும் புதருமாகத்தான் இருக்கும். ஆனாலும் கண்மாய்களில் பழைய பருத்த தூர்கள் கிடக்கின்றன. கிதாரின் விரல்பலகைக்கும் கம்பி தாங்கும் கட்டைக்கும் சின்னத் துண்டு போதும். பலாவில் வீணை செய்யும் தஞ்சாவூர் ஆசாரிகள் கையில் நாலு துண்டு கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒப்பந்தக்காரர்கள் தூரைப் பிளந்து அடுக்குவதற்கு முன் பருத்த கட்டைகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டால் நல்லது. மரம் பிடுங்கிய மேய்ச்சல் புறம்போக்குகளில் குழி தோண்டாமல், புரட்டாசி முடிவதற்குள் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவிவிட வேண்டும். விதை வேண்டுமென்றால் எங்கள் கொல்லையில் இருக்கிறது, தருகிறேன்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் வாசகி,
சாயல்குடி வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.