கோடையில் தாய்க்கோழிக்கு டானிக் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

வெயில் ஏறியதும் பல்லடம், உடுமலை வட்டாரத் தாய்க்கோழிப் பண்ணைகளில் (குஞ்சு பொரிக்கும் முட்டைக்காக வளர்ப்பவை) டானிக் கேன்கள் வந்து இறங்கிவிடுகின்றன. அந்தச் செலவில் பெரும்பகுதி வீண் என்பது எங்கள் கருத்து. சாதாரணச் சரக்கு இரண்டு மூன்றை அளவறிந்து, நேரமறிந்து கொடுத்தாலே முட்டை குறையாமல் இருக்கும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. அப்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தத்தில் பைகார்பனேட் குறைகிறது. ஓட்டுக்கான கார்பனேட்டுக்கு அதுதான் ஆதாரம். மெல்லிய ஓடும், ஓடே இல்லாத தோல்முட்டையும் அதனால்தான். டன் தீவனத்துக்கு 2 கிலோ சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்) சேர்க்கலாம். ஆனால் அதே கையோடு கறியுப்பில் 1.4 கிலோவைக் குறைக்க வேண்டும். இரண்டிலும் உள்ள சோடியம் ஏறக்குறைய சமம். குறைக்காவிட்டால் எச்சம் நீர்த்து, தரையில் பரப்பிய கூளம் நனைந்து, அடைமுட்டை அழுக்காகும். இன்குபேட்டரில் வெடிப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட முட்டைதான். உப்பை அடியோடு நிறுத்துவதும் தவறு, குளோரைடும் தேவை.

வைட்டமின் சி டன்னுக்கு 200 கிராம், பூச்சிட்ட ரகமாக. தண்ணீரில் கொடுப்பவர்கள் அதைச் சோடா உப்போடு ஒரே தொட்டியில் கரைக்கிறார்கள். காரத்தில் அது சிதைந்துவிடும். இரும்புச்சத்துள்ள போர்த் தண்ணீரிலும் குளோரின் கலந்த தண்ணீரிலும் நிலைக்காது.

சுண்ணாம்புச் சத்தில் பாதியாவது 2 முதல் 4 மி.மீ. கிளிஞ்சல் நொறுக்காக இருக்கட்டும். பிற்பகல் 4 மணிக்குக் கோழிக்கு 4 கிராம் வீதம் தூவலாம். ஓடு உருவாவது இரவில்; மாவாக அரைத்த சுண்ணாம்புக் கல் அதற்குள் குடலைக் கடந்துவிடும், நொறுக்கு அரைவைப்பையில் தங்கிக் கரையும்.

இவற்றைவிட முக்கியம் தீவனம் போடும் நேரம். தின்ற 4 முதல் 6 மணி நேரத்தில் செரிமானச் சூடு உச்சம் தொடும். காலை 8 மணிக்குப் போட்டால் அந்த உச்சம் உச்சிவெயிலோடு சேர்ந்துகொள்ளும். எந்த டானிக்கும் காப்பாற்றாது. 5 மணிக்கே விளக்கைப் போட்டுத் தீவனம் போடுங்கள்.

தீவன ஆலைக்காரர்களுக்கு ஒன்று: நிகார்பசின் (ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து) கலந்த பிராய்லர் தீவனம் அரைத்த மிக்சரில், வெறும் மக்காச்சோளம் ஒரு தடவை ஓட்டாமல் தாய்க்கோழித் தீவனம் கலக்காதீர்கள். மருந்தின் மிச்சம் ஒட்டிவந்தால் குஞ்சு பொரிப்பது குறையும், வெயில் சாவு கூடும். டானிக் விற்பவர்களும் ஒரு மில்லியில் எது எவ்வளவு என்று லேபிளில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
தாய்க்கோழித் தீவனம் தயாரிப்போர்,
பல்லடம்