வெள்ளையடித்ததில் அகப்பட்டவை

சென்னை,
மாசி மாதம், ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம், எழுத உட்கார இடமில்லை. மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் நிம்மதி. எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வலது கண் சித்திரைக்கு மேல்.

வெள்ளையடித்த கதையைக் கேள். பெயிண்டர் முன்னறையை எட்டிப் பார்த்தார். "சார், இந்தப் புத்தகத்தை எல்லாம் இறக்கி ஏத்த ஒரு நாள் கூலி தனி" என்றார். சரி, நாமே இறக்குவோம் என்று நானும் உன் தங்கச்சியும் உட்கார்ந்தோம். படித்தது ஒரு பக்கம், படிக்காதது ஒரு பக்கம் என்று அடுக்கலாம் என்றாள். நான் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. படித்தவை கட்டிலடியிலேயே அடங்கிவிட்டன. மற்றவை சாமி அலமாரி வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றன.

எண்ணினால் 640. மாதம் இரண்டு படிப்பேன், அதுவும் நல்ல மாதமாக இருந்தால். 26 வருஷம் எட்டு மாதம் ஆகும். எனக்கு இப்போது 61. "சரஸ்வதி பூஜையன்னைக்குத்தான் புத்தகத்தை அடுக்கி வச்சுட்டுப் படிக்கக் கூடாதும்பாங்க. நம்ம வீட்ல வருஷம் பூரா சரஸ்வதி பூஜைதான்" என்றாள் உன் தங்கச்சி.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய ஒரு நூல் இரண்டு பிரதி கிடைத்தது. இரண்டிலும் என் கையெழுத்து. ஒன்றில் 2009, மற்றதில் 2016. இரண்டும் பைண்டிங் விறைப்புக்கூடக் குறையாமல் இருந்தன. இன்னொரு புத்தகத்தில் மேலட்டையில் குண்டூசி அளவு ஓட்டை. விரித்துப் பார்த்தால் அதே ஓட்டை ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பின்னட்டையில் போய் வெளியே வந்திருந்தது. புத்தகம் துளைக்கும் பூச்சிக்கு ராமபாணம் என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை. அந்தப் புத்தகத்தை முழுசாக முடித்தது அது ஒன்றுதான். இப்போது அலமாரிக்கு அலமாரி வசம்பு போட்டிருக்கிறேன். வீடு பூராவும் பிள்ளை பெற்ற வீட்டு வாசனை.

இவ்வளவுக்கும் தை மாதம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போய் 17 புத்தகம் வாங்கி வந்தேன். அந்தப் பலகைத் தரை தடதடக்க நடக்கும்போது எனக்கு ஏதோ ஆகிவிடுகிறது. பத்து சதவீதக் கழிவு என்றதும் ஏதோ லாபம் சம்பாதித்துவிட்ட மாதிரி அடுத்த கடைக்கு நுழைகிறேன். வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி தின்னும்போதுதான் பை கையை அறுப்பது தெரிகிறது.

முன்னெல்லாம் தமிழில் ஒரு புத்தகம் போட்டால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பார்கள். அது வருஷக்கணக்கில் கடையில் கிடக்கும், நாமும் மெதுவாக வாங்கலாம். இப்போது நூறு, இருநூறு என்று அச்சடிக்கிறார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வருவதில்லை. வீட்டில் இதைச் சொன்னேன். எடுபடவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரையும் இழுத்துப் பார்த்தேன். 1992இல் அவர் காலமாகும்வரை பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்டதையெல்லாம் சேர்த்தார். கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, இப்போது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. "அத்தனையையும் அவர் படிச்சாரான்னு யாராவது கேட்டாங்களா?" என்றேன். "அவர் சேர்த்தது ஊருக்கு ஆச்சு. நீங்க சேர்த்தது பூச்சிக்கு ஆச்சு" என்று பதில் வந்தது. நியாயம்தான். கிடைக்காததை அவர் தேடிப்போய்ச் சேர்த்தார். நான் கடையில் கண்ணுக்கு முன்னால் இருப்பதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

நாம் மதுரைப் புதுமண்டபத்தில் பழைய புத்தகம் வாங்கிய காலம் ஞாபகம் வருகிறதா? பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு போய்விடும். தூணோரம் நின்று பேரம் பேசி ஒன்றே ஒன்றை வாங்கி, நடந்துகொண்டே நீ வாசிக்க, சைக்கிள் வந்தால் நான் உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன். விடுதிக்குப் போவதற்குள் பாதி முடிந்திருக்கும். அப்போது ஒரு புத்தகமும் மிச்சம் கிடந்ததில்லை. சம்பளம் வந்த பிறகுதான் இந்த வியாதி. ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து படிப்போம் என்று முப்பது வருஷம் வாங்கினேன். ரிட்டயரும் ஆயிற்று, கண் மக்கர் பண்ணுகிறது. மலிவுப் பதிப்பின் பொடி எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல் தெரிகிறது. ஆனாலும் ராத்திரி விளக்கை அணைக்குமுன் அந்த 640-ஐயும் ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்தால்தான் தூக்கம் வருகிறது.

பங்குனியில் கல்யாணத்துக்கு வரும்போது இங்கேயே தங்கு. அப்புறம் ஒரு விஷயம். அடுக்கும்போது உன் புத்தகம் ஒன்றும் வந்தது. 1984 என்று தேதி, உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்து, 'ஒரு வாரத்தில் திருப்பவும்' என்று அடிக்கோடு வேறு. இன்னும் படிக்கவில்லை மாப்ளே. வலது கண்ணும் ஆகட்டும், படித்துவிட்டுத் தருகிறேன்.

உன்,
பழைய அறைவாசி