"சும்மா இருக்கிறார்கள்" என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வேலை இல்லாத பட்டதாரிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் எங்கள் நல்லதுக்குத்தான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் "வேலை இருக்கிறது, அதற்குத் தயாராகாமல் வீட்டில் சும்மா இருக்கிறார்கள்" என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. நாலு நாளாக அந்த 'சும்மா' மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

நான் 2023இல் பி.இ. இசிஇ முடித்தேன். கடைசி வருடம் கேம்பஸிலேயே ஒரு ஐடி கம்பெனியில் தேர்வாகி ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. பீடி சுற்றும் என் அம்மா தெரு முழுக்க அதிரசம் கொடுத்தார். சேரும் தேதிதான் வரவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று பதினாலு மாதம் போனது. எப்போது கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டுமே என்று வேறு எங்கும் சேரவும் முடியாது. என் போனில் மெயில் வந்த சத்தம் கேட்டால் போதும், அம்மா இலை வெட்டுகிற கத்தரிக்கோலை அப்படியே நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டியதும் திரும்பவும் வெட்டத் தொடங்குவார். கடைசியில் ஆஃபர் ரத்து என்று இரண்டு வரியில் மெயில் வந்தது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை கல்விக் கடனுக்குத் தவணை கேட்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. அந்த ஒரு வருடம் இப்படித்தான் கழிந்தது. அதன்பின் பேங்க் நோட்டீஸ் மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

தயாராகவில்லை என்கிறீர்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் பாடம் படித்தேன், நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன். ஆனால் போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் முதல் கேள்வியே "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். நடந்ததைச் சொன்னால், ஏதோ நான் செய்த தப்பு போலப் பார்க்கிறார்கள். ஒரு இடத்தில் பயிற்சிக் கட்டணம் 30,000 கட்டினால் வேலை நிச்சயம் என்றார்கள். அம்மா தோட்டைக் கழற்றிவிட்டார், நான்தான் வேண்டாம் என்று சண்டை போட்டுத் தடுத்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்திருக்கிறேன். ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆனால் பி.இ. போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு அதுவும் கிடையாது. கிடைத்தாலும், சென்னைக்கு ஒரு இன்டர்வியூ போய்வர அது எந்த மூலைக்கு?

இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். 2025இல் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு 3,935 இடம் என்று அறிவிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அதில் சிலருடைய விண்ணப்பங்களை நான்தான் ஏற்றினேன். பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வுக்கு எம்.எஸ்சி., பி.எட். முடித்த ஒரு அக்கா வந்தார். கொண்டுவந்த போட்டோவில் அவர் தோளில் குழந்தையின் கை இருந்தது. எவ்வளவு வெட்டியும் இரண்டு விரல் போகவில்லை. வேறு போட்டோ எடுத்துவர வெயிலில் கிளம்பினார். சமையலை முடித்துவிட்டு ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் படிக்க உட்காருவாராம். இவரையும் சும்மா இருப்பவர் கணக்கில்தானே சேர்த்திருக்கிறீர்கள்?

கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. "இப்ப என்னம்மா பண்ற?" என்று கேட்காத ஆள் இல்லை. கூடப் படித்த தோழி ஒருத்தி யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை, அவள் அம்மாதான் எடுத்து "தூங்குறாம்மா" என்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்கு. தன்னம்பிக்கை வேண்டும் என்று கட்டுரை முழுக்க எழுதியவர் இப்படி ஒரு வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டார்.

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும் அறிவிப்புகளில் பாதிக்குக் கடைசித் தேதி மறுநாளோ அதற்கடுத்த நாளோ இருக்கிறது, சிலவற்றில் இதழ் எங்கள் ஊருக்கு வரும்போதே முடிந்துவிடுகிறது. ஒரு வாரமாவது மிச்சம் இருக்கிற மாதிரி பார்த்துப் போடுங்கள். அப்படியே பக்கத்தின் அடியில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத்தான் என் தோழி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆலங்குளம், தென்காசி மாவட்டம்.