சூட்கேஸில் வந்த சைலன்சர்: புதுச்சேரி, சென்னை பைக் பாகக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடை முதலாளிகளுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் புதுச்சேரிக்காரன். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவில், சேந்த் ஆந்த்ரே ஊரில் சின்னதாக ஒரு பைக் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கடைகளில் வாங்கிய சைலன்சர், ஏர் ஃபில்டர், டியூனிங் பெட்டி எல்லாம் அவ்வப்போது என் பட்டறைக்கு வந்து சேர்கின்றன. பார்சலில் வருவதில்லை. கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஊருக்குப் போய்வருகிறவர்களின் சூட்கேஸில், மிளகாய்த்தூளுக்கும் வடகத்துக்கும் நடுவில் வருகின்றன.

என் அக்கா மகனும் அப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடையது 2018இல் இங்கே பதிவான 500 சிசி புல்லட். லுங்கியில் சுற்றியிருந்ததைப் பட்டறை மேசையில் வைத்துப் பிரித்தான். பளபளவென்று இருந்தது, வெல்டிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. “மாமா, யூரோப்புக்கு ஓகேன்னு கடைக்காரர் சொன்னாரு. சீல்கூட இருக்கு பாருங்க” என்றான். பார்த்தேன். ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை மாதிரியே, வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ (E) எழுத்தை லேசரில் அழகாகப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் எண் இல்லை.

எண் இல்லாவிட்டால் அந்த எழுத்து வெறும் கோலம்தான். ஒப்புதல் கொடுத்த நாடு எது என்பதை அந்த எண்தான் சொல்லும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 9 ஸ்பெயின். அதன் பின்னால் ஒப்புதலின் வரிசை எண் வரும். 1958ஆம் ஆண்டின் ஐ.நா. வாகன ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் இந்த எண் உண்டு. இந்தியா அதில் இல்லை. அதற்காக நம் ஊரில் செய்த சைலன்சருக்கு முத்திரையே கிடைக்காது என்று அர்த்தமில்லை. அந்த நாடுகளில் ஒன்றில் சோதனைக்குக் கொடுத்து வாங்க வேண்டும். அதற்குச் செலவாகும். லேசரில் வட்டம் போடுவதற்குச் சொற்பக் காசு போதும்.

வேண்டாம் என்றேன். கேட்கிற வயசா? மாட்டிக்கொண்டு சலாஸி மலைப்பாதையில் ஏறினான். சத்தம் எதிர்ப்பக்கப் பாறையில் மோதித் திரும்பிவந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இருபது வயதில் பஞ்சாப் சைலன்சர் போட்டுக்கொண்டு மிஷன் வீதியில் சுற்றியவன் நான்.

இங்கே 2024 ஏப்ரல் 15 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் ‘கோந்த்ரோல் தெக்னிக்’ என்ற வண்டித் தகுதிச் சோதனை கட்டாயம். இந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் பாரிஸில் போடுகிற சட்டம்தான் எங்களுக்கும். 2017 முதல் 2019 வரை பதிவான வண்டிகளுக்கு 2025தான் கெடுவாக இருந்தது, அதனால் அவன் வண்டியும் போக வேண்டியிருந்தது. வண்டியின் பதிவு அட்டையிலேயே, நின்ற நிலையில் எஞ்சின் இத்தனை சுற்றில் இத்தனை டெசிபல் என்று அச்சடித்திருக்கும். சோதிக்கிறவர் டார்ச் அடித்து, முட்டிபோட்டு, சைலன்சரின் அடிவயிற்றில் எண்ணைத் தேடினார். எழுந்து தலையை ஆட்டினார். இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுசோதனைக்கு வரச் சொன்னார். வழியில் போலீஸ் பிடித்திருந்தால் 135 யூரோ தனி. பழைய கம்பெனி சைலன்சரை இவன் அதற்குள் எவனுக்கோ சும்மா கொடுத்துவிட்டிருந்தான். கடைசியில் புதிதாக வாங்கினோம். உங்கள் கடையில் கொடுத்ததைப்போலப் பல மடங்கு ஆயிற்று.

சத்தம் காதுக்குத் தெரிந்துவிடும். காதுக்குத் தெரியாத விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புகையின் விஷத்தைக் குறைக்கிற கேட்கான் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) சில வண்டிகளில் எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வருகிற பெண்ட் பைப்பில் இருக்கும், சில வண்டிகளில் சைலன்சருக்கு உள்ளேயே இருக்கும். இரண்டாவது வகையில் சைலன்சரைக் கழற்றினால் கேட்கானும் சேர்ந்து போய்விடும். ஐரோப்பியப் புகை விதிகளில், யூரோ 3இல் பெரிய பைக்குக்குக் கிலோமீட்டருக்கு 2 கிராம் கார்பன் மோனாக்சைடு வரை விட்டிருந்தார்கள். யூரோ 4இல் 1.14 ஆயிற்று, யூரோ 5இல் 1. தேன்கூடு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன உருளை இல்லாமல் இந்தக் கணக்கு நிற்காது. அப்புறம், காலிக் குழாயைப் போட்டதும் காற்று கூடி, ஆக்சிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கும். அதை அடக்க டியூனிங் பெட்டி ஒன்று விற்பீர்கள். அது பெட்ரோலைக் கூட்டும், புகையில் விஷமும் கூடும். ஒரு பாகம் இன்னொரு பாகத்தைக் கூட்டிவருகிற வியாபாரம் இது. உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்களில் சிலர் அமெரிக்கச் சரக்கும் வைத்திருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் விற்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று அந்தப் பெட்டிகளில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எங்கள் பையன்கள் அதைப் பெருமையாகக் காட்டுகிறார்கள், ஏதோ ஒரிஜினலுக்கு அத்தாட்சி மாதிரி! அந்த மாநிலத்தில் 1967இல் காற்று வள வாரியம் அமைத்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டைத் தொடும் பாகத்தை மாட்டுகிறவனைப் பிடிப்பதோடு அங்கே விடுவதில்லை. விற்கிறவன், விளம்பரம் செய்கிறவன் எல்லாரும் வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவில் மாட்டுவார்கள். தப்ப வேண்டுமென்றால் பாகத்தைச் சோதனைக்குக் கொடுத்து, புகை கூடவில்லை என்று காட்டி, வாரியத்திடம் ‘எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்’ என்ற விலக்கு ஆணையின் எண் வாங்க வேண்டும். அந்த எண் வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும், வாங்குகிறவன் கடை வாசலிலேயே போனில் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஹேண்டில்பார், சீட், கண்ணாடி இதற்கெல்லாம் எண் தேவையில்லை. கேட்கானுக்குப் பின்னால் மாட்டுகிற சைலன்சருக்கும் புகைக் கணக்கில் தேவையில்லை. ஆனால் 2013 முதல் தயாரான வண்டிக்கு அதே காலத்துச் சைலன்சர் போட்டால் அதில் அமெரிக்க மத்திய அரசின் ஒலி முத்திரை இருக்க வேண்டும்.

பெரிய கை என்றும் அங்கே விடவில்லை. விதியை மீறும் டியூனிங் பெட்டிகளைச் சுமார் 3,40,000 விற்றதற்காக 2016இல் ஹார்லி டேவிட்சன் அமெரிக்க மத்திய அரசுக்கு 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இந்த மாதிரிப் பாகங்களோடு சொல்கிற ‘பந்தயத்துக்கு மட்டும்’ என்ற வாசகம் அந்தக் கம்பெனியையே காப்பாற்றவில்லை.

கலிஃபோர்னியா முறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு. லேப் சோதனைக்குக் காசு இருக்கிறவனுக்குத்தான் எண் கிடைக்கும். நல்ல கைவேலைக்காரன் ஒருவன் தெருமுனையில் செய்கிற பாகத்துக்கு யார் கட்டுவார்கள்? சரி, அது வேறு சண்டை.

நம் ஊர்ச் சட்டமும் ஊமையில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது. ரோடு ரோலர் ஏற்றி சைலன்சரை நசுக்குகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் நசுங்குவது வாங்கியவனின் காசு. விற்றவரின் கல்லாப்பெட்டி பத்திரமாக இருக்கிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

நான் கேட்பது உங்கள் வியாபாரத்தை மூடச் சொல்லி அல்ல. பில் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, வண்டி எந்த வருஷம், எந்த ஊரில் ஓடுது?” ரெயூனியோன் என்று சொன்னால், எண் இல்லாத சைலன்சரை எடுத்து உள்ளே வையுங்கள். கேட்கான் போய்விடும் என்றால் அதைப் பில்லிலேயே தமிழில் எழுதுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்த இங்கிலீஷ் தாளில், கடைசி வரியில், பொடி எழுத்தில் வேண்டாம். லேசரில் வெறும் வட்டம் போடுவதை மட்டும் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றது அறியாமை என்று விட்டுவிடலாம், இதை அப்படி விட முடியாது.

எங்கள் சைலன்சரை விற்ற கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. முதலாளிக்கு இதைப் படிக்கும்போதே தெரிந்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அதே லுங்கியில் சுற்றி, அதே சூட்கேஸில் அதையும் கொண்டுவருகிறேன். பில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
சேந்த் ஆந்த்ரேயிலிருந்து ஒரு புதுச்சேரி மெக்கானிக்