கோரிக்கை மனு: செந்தூல் இளம் பெண்களுக்கு வலைப்பந்துத் திடலும் பயிற்சி நேரமும்

அனுப்புநர்:
வலைப்பந்துப் பயிற்றுநர்கள், பெற்றோர்,
செந்தூல் வட்டாரம், கோலாலம்பூர்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய டத்தோ பண்டார் (மாநகர மேயர்),
கோலாலம்பூர் மாநகர் மன்றம்.

பொருள்: பள்ளி முடித்த இளம் பெண்களுக்கு வலைப்பந்துத் திடலும் வாராந்திர நேரமும் ஒதுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய டத்தோ பண்டார் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் வலைப்பந்து (நெட்பால்) ஆடிய பெண்களில் பலர், ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் பந்தைத் தொடுவதில்லை. ஆர்வம் இருக்கிறது, ஆட இடம் இல்லை. அடுக்குமாடித் திடல்களின் மாலை நேரத்தை ஃபுட்சால் அணிகள் முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன. 2017 சீ போட்டியில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) இதே நகரில் மலேசியா தங்கம் வென்ற ஆட்டம் இது.

பேசத் தயங்கும் பெண்ணையும் இந்த ஆட்டம் வாய் திறக்க வைக்கும். காரணம் அதன் விதிகள். பந்தோடு ஓட முடியாது, பிடித்த 3 விநாடிக்குள் விட்டாக வேண்டும். திடலின் மூன்று பகுதிகளில் ஒன்றை முழுதாகத் தாண்டி எறிந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே எழுவரில் ஒருத்தியை ஒதுக்கிவைத்து ஆட வழியில்லை. இடம் பிடித்தவள் உரக்கக் கூப்பிட்டே தீரவேண்டும். கோலை யார் போட்டாலும், ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் மைய எறிவு இரு அணிக்கும் மாறி மாறி வருவதால், தோற்கும் அணியும் பந்தைப் பார்க்காமல் நிற்காது.

ஆனாலும் உயரமானவளையே கோல் போடவும், கூச்சக்காரியையே ஓரத்தில் தடுக்கவும் நிறுத்தினால் பலன் பாதிதான். எனவே ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி என மாற்றுவோம், ஆடும் இடத்தையும் சுழற்றுவோம். 4 நிமிட இடைவேளையில் முதல் 2 நிமிடம் பெண்கள் மட்டுமே பேசுவார்கள். பயிற்றுநர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை!

இப்போது கிடைப்பது கூடைப்பந்துத் திடல். அதன் அளவு 28க்கு 15 மீட்டர், வலைப்பந்துக்கு 30.5க்கு 15.25 வேண்டும். வளையத்தின் உயரம் இரண்டிலும் 3.05 மீட்டர்தான், ஆனால் கூடைப்பந்து வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், வலைப்பந்துக்கு 38. போதாக்குறைக்குப் பின்னால் பலகை வேறு. பலகையில் தட்டிப் போட்டுப் பழகிய கை, பலகையே இல்லாத கம்பத்தின் முன் போட்டி நாளில் தடுமாறுகிறது. 40க்கு 20 மீட்டர் ஃபுட்சால் திடலுக்குள் எங்கள் கோடுகள் தாராளமாக அடங்கும். 5 சென்டிமீட்டர் அகலத்தில் வேறு நிறத்தில் தீட்டினால் இரு தரப்பும் ஆடலாம்.

டயருக்குள் சிமெண்ட் ஊற்றிய கம்பம் வேண்டாம். அதன் அடிப்பாகம் கோட்டுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பந்தை அண்ணாந்து பார்த்துப் பின்வாங்கும் கோல் காவலாளி அதில்தான் இடறுவாள். தரையில் குழாய் பதித்து, தேவைப்படும்போது செருகி எடுக்கும் கம்பமும் அதைச் சுற்றி நுரைமெத்தை உறையும் போதும். தரைக்கு வழுக்காத பூச்சு அவசியம். ஓடிவந்து பந்தைப் பிடித்ததும் சட்டென நிற்கவேண்டிய ஆட்டம். வழவழத்த சிமெண்டில் மழை ஈரமோ மணலோ இருந்தால் கணுக்காலும் முழங்காலும் தாங்காது.

நேரம்: புதன் இரவு 8 முதல் 9.30 வரை, ஞாயிறு காலை 8 முதல் 10 வரை. பேரங்காடிகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் இரண்டில் ஒன்றுக்காவது வரமுடியும். புதனன்று விளக்கு 9.45 வரை எரியவேண்டும், கழிப்பறை பூட்டியிருக்கக் கூடாது. இவ்விரண்டும் இல்லையென்றால் பெற்றோர் மகள்களை அனுப்பத் தயங்குகிறார்கள்.

18 வயது நிரம்பியவர்களுக்கு நடுவர் பயிற்சிக்கும் உதவ வேண்டுகிறோம். ஓர் ஆட்டத்துக்கு நடுவர் இருவர், ஆளுக்குப் பாதித் திடல். எதிரில் யார் முறைத்தாலும் விசில் ஊதி, கையைக் காட்டி, தீர்ப்பில் நிற்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரியவில்லை.

எந்தத் திடல் பொருந்தும் என்று பார்க்கத் தங்கள் அதிகாரி ஒருவரை ஒரு நாள் அனுப்பினால், அளவு நாடாவும் சுண்ணக்கட்டியுமாக நாங்கள் உடன் வருகிறோம்.

இப்படிக்கு,
செந்தூல் வட்டார வலைப்பந்துப் பயிற்றுநர்கள், பெற்றோர்