மச்சினன் மகனைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மாப்ளே,

போன மாதம் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். கோபித்துக்கொள்ளாதே. பேத்தி வந்திருந்தாள். அவள் இருந்தவரை பேனாவைக் கையில் பிடிக்க விடவில்லை. ராத்திரி கேஸ் எடுப்பதைச் சித்திரையோடு நிறுத்திவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் ஆபரேஷன் தியேட்டர், மீதி நாள் வீட்டில் உன் தங்கச்சியிடம் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மச்சினன் மகன் 142 கிலோ, 172 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 48. வயது 34, ஆறு வருடமாகச் சர்க்கரை, இப்போது இன்சுலின், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. எடை குறைக்கும் ஆபரேஷன் தேவையா என்று இவன் விஷயத்தில் யாரும் விவாதிக்கப் போவதில்லை. ஆசியர்களுக்கு 27.5-லேயே அதைப் பேசலாம் என்று 2022 சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இவன் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டான்.

ஆனால் நீ எழுதிய ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ‘லேப்பரோஸ்கோப்பி தானே, நாலு ஓட்டை, மூணு நாளில் வீட்டுக்கு வந்துருவான்’ என்று எழுதியிருக்கிறாய். ஊர்க்காரன் சொன்னால் பரவாயில்லை. நீ டாக்டர்டா.

நம் சீஃப் சொல்வது ஞாபகம் இருக்கிறதா? ‘பெரிய கீறல் போடுறவன்தான் பெரிய சர்ஜன்.’ பித்தப்பை எடுக்க விலா எலும்புக்கு அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிப்போம். அந்த நோயாளிகள் இருமக்கூடப் பயந்து வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெர்மனியிலும் இதே நினைப்புதான். கீல் நகரத்தில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் 1980-இல் இந்த லேப்பரோஸ்கோப்பி முறையில், சிறு ஓட்டையில் விட்ட குழாய் வழியாகக் குடல்வாலை எடுத்தபோது, அங்கிருந்த சர்ஜன்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 1985-இல் எரிக் மூஹே அதே வழியில் பித்தப்பையை எடுத்தார். அவருக்கும் கிடைத்தது கேலிதான். 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் உத்வாடியா செய்துகாட்டிய பிறகுதான் நம்மவர்களுக்கும் ஆசை வந்தது. நானும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே ஆரஞ்சுப் பழத்தை வைத்து, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தோல் உரித்துப் பழகினேன். கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். அது கைக்குப் பழகவே மாதக்கணக்கானது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1995. காய்கறி விற்கும் அம்மா, நாற்பத்தைந்து வயதிருக்கும். பித்தப்பை சீழ் கோத்து ஒட்டிக்கிடந்தது. பையை மேல்நோக்கி இழுத்தேன். இழுத்த இழுப்பில் பித்தப்பையின் குழாயும் கல்லீரலிலிருந்து வரும் பொதுக்குழாயும் ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டன. திரையில் எனக்குத் தெரிந்தது ஒரே குழாய். இதுதான் என்று கிளிப் போட்டு வெட்டினேன். மூன்றாம் நாள் கண் மஞ்சள். வேறு பெரிய இடத்துக்கு அனுப்பி, அவர்கள் வயிற்றைத் திறந்து, கல்லீரல் குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அவள் கணவர் சண்டையெல்லாம் போடவில்லை. ‘சின்ன ஓட்டைன்னுதானே சார் சொன்னீங்க’ என்று மட்டும் கேட்டார். சொன்னது நான்தான்.

அதே வருடம்தான் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க சர்ஜன் ஒரு விதி எழுதினார். வெட்டுவதற்கு முன்னால் பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் இருக்கும் கொழுப்பையெல்லாம் துப்புரவாக நீக்கு. பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து கொஞ்சம் பிரி. பைக்குள் போவது ஒரு பித்தக்குழாய், ஒரு ரத்தக்குழாய், இரண்டே இரண்டு என்று கண்ணால் பார். பார்த்த பிறகு கிளிப் போடு. அவ்வளவுதான். எனக்குச் சில மாதங்கள் முன்னால் தெரிந்திருக்கலாம். இன்றுவரை அந்த இரண்டையும் தியேட்டரில் எல்லோருக்கும் காட்டாமல் நான் கிளிப்பைத் தொடுவதில்லை. தெரியாவிட்டால் பையில் பாதியை விட்டுவிட்டு வருவேன், இல்லையென்றால் வயிற்றைத் திறப்பேன். திறந்தால் தோல்வி என்று நினைக்கிற இளவட்ட சர்ஜன்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

சரி, இவன் எடைக்கு எந்த ஆபரேஷன்? இரைப்பையை ஒடுக்கும் ஸ்லீவா, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸா?

ஸ்லீவ் தற்செயலாகப் பிறந்த ஆபரேஷன். ரொம்ப எடை உள்ளவர்களுக்குப் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் செய்தால் தாங்கமாட்டார்கள் என்று 2000 வாக்கில் நியூயார்க்கில் கன்யேவும் குழுவினரும் இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். முதல் தவணையில் இரைப்பையை மட்டும் குழாய்போல் ஒடுக்கினார்கள். அதிலேயே எடை நன்றாகக் குறைந்ததால் பலருக்கு இரண்டாம் தவணை தேவைப்படவில்லை. வாய் வழியாக ஒரு விரல் பருமன் குழாயை விட்டு, அதை அளவாக வைத்துக்கொண்டு, இரைப்பையின் வெளிவாசலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் முன்பிருந்து ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டே மேலே போவோம். முக்கால் பங்கு இரைப்பை வெளியே வந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போய்விடும். கசிவு வந்தால் பெரும்பாலும் அந்த உச்சியில்தான் வரும். அந்தக் கடைசி ஸ்டேப்ளர் போடும்போது தியேட்டரில் யாரும் பேசக்கூடாது என்பது என் சட்டம்.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து கலோரி குறைந்த திரவ உணவு கொடுப்போம். எடை குறைக்க என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் கொழுத்த கல்லீரலைச் சுருக்கத்தான். அதன் இடது மடல் இரைப்பைமேல் பாய் விரித்தாற்போல் படுத்திருந்தால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

இவனுக்கு ஏன் பைபாஸ் பக்கம் சாய்கிறேன் என்றால், தினமும் நெஞ்செரிச்சல் மாத்திரை போடுகிறான் என்று நீ ஓரமாக எழுதியிருப்பதால். பின்லாந்தில் இரண்டு ஆபரேஷனையும் ஒப்பிட்டு, பத்து வருடம் கழித்து எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். ஸ்லீவ் ஆட்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அழற்சி, பைபாஸில் 7. எடையும் பைபாஸில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது.

சர்க்கரை ‘போயே போய்விடும்’ என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்பாதே. கிளீவ்லண்டில் செய்த ஆய்வில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6-க்குள் வந்தவர்கள், பைபாஸுக்குப் பிறகு முதல் வருடம் 42 சதவீதம், ஐந்தாம் வருடம் 29. ஸ்லீவில் 37, பிறகு 23. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 12, பிறகு 5. பலன் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கீழே இறங்கும் கோடு அது. எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்டிருந்தாய். செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடுகிறது. இவனுக்கு அது மட்டும் போதாது என்பது என் எண்ணம்.

இனி உனக்கான பாடம். நான் செய்வது இரண்டு மணி நேர வேலை. அதற்குப் பிறகு அவன் வரப்போவது உன் கிளினிக்குக்கு.

ஒன்று, வாந்தி. ஒரு வாரமாக வாந்தி என்று வந்தால் உன் கம்பவுண்டர் முதலில் குளுக்கோஸ் பாட்டிலைத்தான் மாட்டுவார். மாட்டவிடாதே. முதலில் தயாமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி. பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸை ஏற்றினால் மூளையில் போய் அடிக்கும். நடை தள்ளாடி, கண் ஆடி, ஞாபகம் போன பிறகு நீயும் நானும் என்ன செய்ய?

அப்புறம் வயிற்று வலி. இதில் ஒரு வேடிக்கை பார். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் குடல்கள் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். அதைக் குறையாகச் சொன்னோம். குழாய் வழியாகச் செய்தால் ஒட்டாது என்று பெருமைப்பட்டோம். ஒட்டாத குடல் சும்மா இருக்குமா? எடை குறைந்து கொழுப்பு கரைந்ததும், பைபாஸ் செய்த இடத்துக்குப் பின்னால் உள்ள இடுக்கில் வழுக்கிப் போய் மாட்டிக்கொள்கிறது. அந்த இடுக்குகளை நாங்கள் தைத்துவிட்டுத்தான் வருவோம். இருந்தாலும் ஒரு வருடமோ மூன்று வருடமோ கழித்து, சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கிறது என்று வந்தால், வாயு என்று ரானிடிடின் மாத்திரை எழுதி அனுப்பிவிடாதே. சி.டி. எடு. அதில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் இருந்தாலும் என்னிடம் அனுப்பு.

டைக்ளோ ஊசி, வலி மாத்திரை வேண்டாம், இணைப்பில் புண் வரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் உண்டு. சைவ வீடு என்பதால் பி12 இப்போதே குறைவாக இருக்கும், பார்த்துவிடு. பைபாஸுக்குப் பிறகு ஒரு கிளாஸிலேயே போதை தலைக்கு ஏறும், அதையும் அவனிடம் தனியாகச் சொல். அப்பா முன்னால் சொல்லாதே.

உயிருக்கு ஆபத்து உண்டா என்று அவன் அம்மா கேட்பார்கள். அமெரிக்காவில் 2009-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் முதல் 30 நாளில் ஆயிரத்துக்கு மூன்று பேர் இறந்திருந்தார்கள். அந்த மூன்றையும் சொல்லிவிடு. எங்கள் மருத்துவமனையில் ரோபோ வந்திருக்கிறதே, அதில் செய்யலாமா என்றும் கேட்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, என் முதுகுக்கு ரொம்ப நல்லது. இவனுக்காக அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வியாழக்கிழமை வரச் சொல். வரும் முன் எண்டோஸ்கோப்பி, ஈரல் ஸ்கேன், தூக்கப் பரிசோதனை முடித்துவிடட்டும். வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரையும் கூட்டி வரட்டும். முதல் ஒரு மாதம் ரசம், மோர், பருப்புத் தண்ணீர் என்று அளந்து ஊற்றப்போவது அவர்தான்.

நீயும் கூட வா. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம். உன் தங்கச்சி உளுந்தங்களி கிண்டித் தருவாள், உன் சர்க்கரையைப் பற்றி அவளிடம் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உன்
பழைய ரூம்மேட்